நடு மருந்து

எங்கள் தெருவில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை ஒன்றுதான். அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் பெரிய மெஷின் ஓட ஆரம்பித்தால் என் மேசைமேல் இருக்கும் டீ கிளாஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். பதினொரு வருஷம் அந்தக் கிளாஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் செய்தேன்.

அந்த சீட் கவர் கடையில் இருந்தது ஓர் அக்காவும் தம்பியும். முதலாளி தம்பி. தெருவில் எல்லோரும் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், கொஞ்சம் கிண்டலாக. ஏனென்றால் கடையை நடத்தியது அவனுடைய அக்கா. அம்மா அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அவனைப் படிக்கவைத்து, தொழில் பழக்கி, கல்யாணமும் செய்துவைத்தாள். தனக்கு அந்த யோசனையே வரவில்லை என்பாள். வந்திருக்கும், நேரம் இருந்திருக்காது. ஒரு சீட்டை நின்று பார்த்தால் போதும், டேப் எடுக்காமல் இஞ்ச் கணக்கில் அளவு சொல்லிவிடுவாள். அதனால் டிரைவர்கள் அவளுக்கு இஞ்சக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதலாளியின் மனைவி ரொட்டி பேக்டரியில் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனாள். போகலாமா என்று வீட்டில் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு லாரி டிரைவர் முன்னாலேயே அக்கா, “ஏன், எங்க வீட்டுல ரொட்டிக்குக் குறையா?” என்று கேட்டுவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் இரண்டு பேரும் முதலாளி வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். “உங்க அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்க” என்று இவள் சொல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, “பசியில்லைன்னு சொல்லுடா உன் ரொட்டிக்காரிகிட்ட” என்பாள். நடுவில் உட்கார்ந்திருப்பவன் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பான்.

இருமல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபோம் வெட்டுகிற கடையில் இருமாதவர் யார்? அந்த வருஷம் காற்றும் அதிகம். வெட்டிய ஃபோம் தூள் தெருவெல்லாம் பறந்து என் கண்ணாடிமேலும் வந்து உட்காரும். அக்கா டானிக் குடித்தாள், வெந்நீர் குடித்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்றாள், மெஷின் மிதிக்கிற வலி என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் வேன் சீட்டுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்த ரெக்சின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வெட்டிய துணிமேல் யாரும் கால் வைக்கக்கூடாது. அவளே உட்கார்ந்தாள் என்றதும் முதலாளி ஆட்டோவைக் கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாக் காகிதமும் என் கடை வழியாகத்தான் போயிற்று. ஸ்கேன், ரத்தம், ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட். நான் காகிதத்தைக் கவிழ்த்துப் போடுகிறவன், படிக்கிறவன் இல்லை. ஆனாலும் எழுத்து கண்ணில் படாமல் போகுமா? நுரையீரலில் கட்டி. அங்கிருந்து எலும்புக்கும் போயிருந்தது. வாழ்நாளில் ஒரு பீடியைக் கையால் தொடாதவள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக் காகிதத்தோடு வந்தான்.

“மூணு விதமா எழுதிக் குடுத்திருக்காங்க ஜெராக்ஸ். முதல் மருந்தா இதுல ஏதாவது ஒண்ணு ஏத்தணுமாம். சின்னது, நடு, பெருசு. பெருசுதான். வேற பேச்சே இல்ல.”

காகிதத்தைப் பார்த்தேன். சின்னது, அவர்கள் கைக்கு எட்டுகிற தூரம். நடு, எம்பினால் எட்டும். பெரியதைப் பார்த்துவிட்டு நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“இதுக்கு எங்க போவ?”

“மெஷின் ரெண்டுக்கும் ஆள் பார்த்துட்டேன். கடை அட்வான்ஸ் திரும்பி வரும். மிச்சத்துக்கு இவ வளையல் இருக்கு.”

வளையலுக்கு உரியவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்து நின்றாள். காதோரம் மாவு ஒட்டியிருந்தது. காகிதத்தை வாங்கி மூன்று எண்ணையும் பார்த்தாள்.

“பெருசு போட்டா என்ன கிடைக்கும்?”

“என்ன கிடைக்கும்னா? எங்க அக்கா கிடைப்பா.”

“மத்த ரெண்டுல கிடைக்க மாட்டாங்களா? கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? விலை கூடன்னா மருந்தும் கூட.”

“ரெக்சின் வாங்கப் போனா நாலு கடை ஏறி எறங்கறீங்க. கிழிச்சுப் பார்க்கறீங்க, மோந்து பார்க்கறீங்க. இதை மட்டும் விலையைப் பார்த்து வாங்கப் போறீங்க.”

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க அக்கா உசுரைத் தராசுல வைக்கறியா? உனக்கு அவளைப் பிடிக்காதுன்னு தெரியும். இந்த அளவுக்குப் பிடிக்காதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

அவள் காகிதத்தை ஓரம் சேர்த்து மடித்தாள். “வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க நானும் வரேன். அண்ணே, நீங்களும் வாங்க. அவங்க சொல்றதை எழுதிக்க ஒரு ஆள் வேணும்.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரமும் அக்காவின் மெஷின் ஓடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது ஓட ஆரம்பித்தது. நான் கிளாஸைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை டோக்கன் எண் நாற்பத்தாறு. நீளமான வராந்தா, வரிசையாக இரும்பு நாற்காலிகள், அதில் பாதி கிழிந்த மெத்தை. அக்கா உட்காரும் முன் ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்தாள்.

“யாருடா இதைத் தைச்சது? ஓரத்துல உருட்டித் தைக்கற பைப்பிங் ஒண்ணு இங்க பாக்குது, ஒண்ணு அங்க பாக்குது. நோயாளி உக்கார்றதுதானேன்னு தைச்சிருக்கான்.”

டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எங்கள் நான்கு பேரையும் பார்த்துவிட்டு இன்னும் ஒரு நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

முதலாளி முந்திக்கொண்டான். “பெரிய மருந்துதான் டாக்டர். பணம் ஏற்பாடு பண்ணியாச்சு.”

“இருங்க. முதல்ல ஒண்ணு சொல்லணும். மாத்திரையிலயே கட்டுப்படுத்தக்கூடிய வகையான்னு சோதிச்சுப் பார்த்தோம். அது இல்ல. நோய் நுரையீரலைத் தாண்டி எலும்புக்குப் போயிருக்கு. இந்த மூணு மருந்துல எதுவும் அதை முழுசா எடுக்காது. குறைக்கும், தள்ளிப்போடும், வலியைக் குறைக்கும். அவ்வளவுதான்.”

முழுசாகப் போகாது என்பதை அதுவரை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முதலாளி மேசைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள் அக்கா. “இவனுக்குத்தான் சொல்லணும்.”

முதலாளியின் மனைவி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. சின்னதுக்கும் பெருசுக்கும் நடுவுல இவ்வளவு வித்தியாசம் இருக்கே. அந்தக் காசுக்கு அவங்களுக்கு என்ன கூடக் கிடைக்கும்?”

“தப்பே இல்ல. எல்லாரும் இதைக் கேக்கணும்,” என்று டாக்டர் ஒரு தாளை எடுத்து மூன்று கோடு போட்டாள். “நாள்னு பார்த்தா சின்னதும் நடுவும் ஏறக்குறைய ஒண்ணு. பெருசுல சராசரியா ஒரு மாசம், ரெண்டு மாசம் கூட வரலாம். சராசரிங்கறது நூறு பேரோட கணக்கு. உங்க ஒருத்தருக்குன்னு என்னால சொல்ல முடியாது. உடம்பு படற பாடு பெருசுல குறைவு. சின்னதுல முடி கொட்டும், கை கால் விரல் மரத்துப் போகும். சிலருக்கு அது திரும்பாமலே போயிடும். நடு மருந்துக்கு மூணு வாரத்துல ரெண்டு தடவை வரணும், முதல் நாளும் எட்டாம் நாளும். ரத்த அணு இறங்கும், அலைச்சல் ஜாஸ்தி. ஆனா விரல் அவ்வளவா மரக்காது.”

“அப்ப சின்னது வேண்டாம்,” என்றாள் முதலாளியின் மனைவி சட்டென்று. “அவங்க தைக்கறவங்க டாக்டர். கண்ணால பார்த்துத் தைக்க மாட்டாங்க. தையலுக்கு அடியில விரலை விட்டுத் தடவிக்கிட்டே போவாங்க. விரல் போச்சுன்னா அவங்களே போன மாதிரி.”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவளிடமே கேட்டாள்.

“நீ இதை எப்ப பார்த்த?”

“தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணி.”

டாக்டர் முதல் கோட்டை அடித்துவிட்டாள். மீதி இரண்டு கோடு இருந்தது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருசுதான் நல்லதுன்னு நீங்களே சொல்றீங்களே டாக்டர்.”

“மருந்தை மட்டும் பார்த்தா கொஞ்சம் நல்லதுதான். ஆனா அதை வாங்க எதை விக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. அதுக்கும் ஒரு பக்கவிளைவு இருக்கு. அதை நான் எழுதித் தர முடியாது. வீட்டுல பேசிட்டு சனிக்கிழமை சொல்லுங்க.”

சனிக்கிழமைக்கு முந்தின நாள் மழை கொட்டியது. தெருவில் ஆள் இல்லை, கரண்டும் இல்லை. நான் அவர்கள் கடைக்குப் போய் ஒரு ஃபோம் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். முதலாளி ஒரு பழைய சீட்டின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக மனைவியோடு அவன் பேசவில்லை. இப்போது அந்த வீட்டில் பேசாமல் இருப்பது அவனுடைய முறை.

“டேய், அந்த மெஷின் ஆளை வரவேண்டாம்னு சொல்லிட்டியா?” என்றாள் அக்கா.

“நாளைக்கு வந்து எடுத்துக்கறான்.”

“எடுத்துக்கிட்டா? ரெண்டு மாசம் எனக்குக் கூட வரும். சரி. அந்த ரெண்டு மாசமும், அதுக்கு முன்னாடி இருக்கற மாசமும், நான் எங்கடா போய் உக்காருவேன்?”

“வீட்டுல இரு. படுத்துக்க. உன்னை யாரு வேலை செய்யச் சொன்னா?”

“படுத்துக்கிட்டு மேல பாக்கறதா? மேல என்ன, கூரையில பைப்பிங் வச்சுத் தைச்சிருக்கா?”

“விளையாடாத அக்கா.”

“விளையாடல. காலையில ஒரு டிரைவர் வந்து சண்டை போடணும். ஜெராக்ஸு அந்தப் பக்கமிருந்து, ‘அக்கா மெதுவா மிதிங்க’ன்னு கத்தணும். நீ தப்பா வெட்டணும், நான் திட்டணும். இதெல்லாம் சேர்ந்தாத்தான் எனக்கு ஒரு நாளு. நீ நாளை வாங்கித் தரேன்னு சொல்லிட்டு உள்ள இருக்கறதையெல்லாம் வித்துட்டு வெறும் உறையைக் குடுக்கற.”

முதலாளி ஆணி பிடுங்குவதை நிறுத்தினான். “தம்பிக்காரன் காசைப் பார்த்தான்னு ஊரு பேசும்.”

“ஊரு நம்ம சீட்டுல உக்கார்ற ஊரு. யாரு தைச்சான்னு என்னிக்காவது கேட்டிருக்கா?”

“ஊரை விடு. நானே சொல்லிக்குவேனே அக்கா. தினம் சொல்லிக்குவேனே.”

கூரையில் மழை இரைந்தது. அக்கா எழுந்து போய் அவன் தலையில் கையை வைத்தாள். அவன் தலைமுடியிலும் ஃபோம் தூள்.

“அதுக்கு என்கிட்ட மருந்து இல்லடா,” என்றாள்.

நடு மருந்து என்று முடிவாயிற்று.

முதலாளியின் மனைவி பேக்டரியில் சொல்லி சாயங்கால ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். மூன்று வாரம் ஒரு தவணை, மொத்தம் ஆறு தவணை. ஒவ்வொன்றிலும் முதல் நாளும் எட்டாம் நாளும் காலையில் அவள்தான் அக்காவை அழைத்துப் போனாள். முதலாளி ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவான், ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுவான். உள்ளே வரச் சொன்னால் வண்டியை யாராவது எடுத்துவிடுவார்கள் என்பான். அந்த ஸ்கூட்டரை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

மருந்து ஏற்றுகிற கூடத்தில் பதினெட்டு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் தொங்கும் பை. ஒருமுறை ஏதோ காகிதம் கொடுக்க நானும் போயிருந்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவள் கால் இரண்டையும் முதலாளியின் மனைவி தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “சத்தம் போடாதீங்க அண்ணே, இப்பத்தான் கண் அசந்தாங்க,” என்றாள்.

“அசரல,” என்றாள் அக்கா கண்ணைத் திறக்காமல். “அசந்தா பிடிக்கறதை விட்டுடுவியேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

மருந்து ஏறிய நான்கைந்து நாள் வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்பாள். சோறு பிடிக்கவில்லை. கடைசியில் ரொட்டியைக் கல்லில் போட்டு மொறுமொறுவென்று சுட்டு, உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தால் இறங்கியது. பேக்டரியில் உடைந்த ரொட்டிகளைக் குறைந்த விலைக்கு வேலையாட்களுக்கே கொடுப்பார்கள். ஒருநாள் காலை இவள் தட்டைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்து, “எங்க வீட்டுல ரொட்டிக்குக் குறையா?” என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன்.

மூன்றாவது தவணையில் எட்டாம் நாள் ரத்தம் பார்த்தபோது அணு மிகவும் இறங்கியிருந்தது. இன்றைக்கு ஏற்ற முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். முதலாளியின் மனைவி பயந்து போனாள். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நர்ஸ் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். பெரிய மருந்தாக இருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்றும் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் அக்கா எனக்குப் பிறகு சொன்னது.

“அவ அழுதுட்டா ஜெராக்ஸு. எனக்கு ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு, ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் முழுக்க மிச்சம். ரெண்டு டீ சொல்லி, நான் அன்னிக்கு அந்த லாரிக்காரன் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மான்னேன். எந்த அன்னிக்குன்னு கேக்கறா. எத்தனை அன்னிக்கு இருக்கும்மா உன் கணக்குலன்னு கேட்டேன். எண்ணிச் சொல்லட்டுமான்னா. வேண்டாம், டீ ஆறிடும்னுட்டேன்.”

நான்கு தவணை முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. தோள்வலி போயிற்று. ஆறு தவணையும் முடிந்தபோது அக்கா பத்துக் கிலோ இளைத்திருந்தாள். முடி மெலிந்தது, ஆனால் கொட்டவில்லை. விரல் விரலாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பஸ் கம்பெனி நாற்பத்திரண்டு சீட் வேலை கொடுத்தது. காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்து அதில் பாதியை அவளே தைத்தாள். மீதியை முதலாளி தைத்தான். அவன் தைத்ததில் ஒன்பதைப் பிரித்து மறுபடி தைக்க வைத்தாள். திட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷம்.

அப்படி ஒரு எட்டு மாதம். பிறகு ஒருநாள் வலி திரும்பியது. இந்த முறை ஈரலிலும். டாக்டர் இன்னொரு மருந்து இருக்கிறது என்றாள், அது வேலை செய்ய வாய்ப்பு குறைவு என்றும் சொன்னாள். முதலாளி இந்தத் தடவை உள்ளே வந்திருந்தான். அக்கா அவனை முந்திக்கொண்டு, “போதும்மா, வலிக்கு மட்டும் குடு,” என்றாள். ஐந்து வாரம் வீட்டில் இருந்தாள். ஒரு முற்பகலில் முதலாளியின் மனைவி தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, “சிக்கு இருக்கா?” என்று அக்கா கேட்டாள். “இல்ல அண்ணி,” என்று இவள் சொல்லி முடித்து, பின்னி முடித்தபோது அவள் போயிருந்தாள். முதல் மருந்து ஏறிய நாளிலிருந்து பதின்மூன்று மாதம்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம். வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. முதலாளியின் மனைவி அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஷிஃப்டுக்குப் போகிற உடையில் இருந்தாள். ஒரு ரசீது கொடுக்க நான் உள்ளே போனபோது சாப்பாடு பிரிக்காமல் இருந்தது. முதலாளி மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“பெருசு போட்டிருந்தா ரெண்டு மாசம் கூட இருந்திருப்பாளா?”

இருந்திருக்கமாட்டாள், எல்லாம் ஒன்றுதான், அவள் விதி என்று ஏதாவது சொல்ல நான் வாயெடுத்தேன். நாமெல்லாம் அப்படித்தானே சொல்வோம். அவள் எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

“இருந்திருக்கலாம்.”

அவன் திரும்பினான்.

“இருந்திருக்கலாங்க. எனக்கும் தினம் இந்தக் கேள்வி வருது. என்ன கிடைக்கும்னு முதல்ல கேட்டவ நான்தானே. உங்களைவிட எனக்குத்தான் அது ஜாஸ்தி.”

“அப்ப தப்புப் பண்ணிட்டோமா?”

“தெரியல. டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? அண்ணியோட இருந்த பதிமூணு மாசத்துல ஒரு நாளைக்கூட நான் யாருக்கும் தரமாட்டேன். வராமப் போன ரெண்டு மாசத்துக்கு அழுதுக்கிட்டும் இருக்கேன். ரெண்டும்தான்.”

சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பந்தல், வண்டி, ஆள் என்று ஓடிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் அழுதான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்பது வயதில் எப்படி அழுதிருப்பானோ அப்படி. அவள் ஒரு கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பேக்டரி வேன் வந்து ஹாரன் அடித்தது.

“அண்ணே,” என்றாள் என்னிடம், “நான் இன்னிக்கு வரலைன்னு சொல்லிடறீங்களா?”

நான் போய்ச் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஆள் தேவைப்படுகிறது என்றேன். அவர் மேலே கேட்காமல் வண்டியை எடுத்தார்.

நான் திரும்ப உள்ளே போகவில்லை. என் கடையிலும் போய் உட்காரவில்லை. சீட்டுக்கு அளவு கொடுக்க யாராவது வந்தால் கொஞ்ச நேரம் கழித்து வாங்க என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று, அவர்கள் வாசலிலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.